பூங்குழலிக்கு யார் மாப்பிள்ளை?

நாலு பெண்கள் கூடியிருக்கிற இடத்தில், "குந்தவைக்கு வந்தியத்தேவன் பொருத்தமா?" என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்து பாருங்கள். அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் விவாதம் நடக்கும். சொந்த நாத்தனாருக்கு வரன் பார்த்தபோது வாயைத் திறக்காதவர்கள்கூட, ஆயிரம் வருஷத்துக்கு முந்திய இளவரசிக்கு மாப்பிள்ளை பார்ப்பதில் எத்தனை அக்கறை காட்டுகிறார்கள்!

இது வெறும் வெட்டிப் பேச்சு என்று வீட்டு ஆண்கள் சொல்லக்கூடும். சொல்லட்டும். நாம் கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கி 1954-ஆம் ஆண்டு மே மாதம் வரையில் வாராவாரம் வெளிவந்தது. மூன்றரை வருஷம்! தொடர் ஆரம்பித்தபோது கன்னிப் பெண்ணாக இருந்தவள், அது முடியும்போது இடுப்பில் குழந்தையோடு படித்திருப்பாள். ஓவியர் மணியம் வரைந்த முகங்கள்தான் அவளுக்குக் குந்தவையும் நந்தினியும். கதை முடிந்ததும் வாசகர்கள் சும்மா இருக்கவில்லை. "அவருக்கு என்ன ஆயிற்று? இவளுக்குக் கல்யாணம் ஆயிற்றா?" என்று கேள்விமேல் கேள்வி கேட்டுவிட்டார்கள். கடைசியில் கல்கியே ஒரு முடிவுரை எழுதி, கதாபாத்திரங்களின் பிற்கால வாழ்க்கையைச் சொல்லவேண்டியதாயிற்று.

குந்தவை விஷயத்தில் அவருக்குச் சிரமம் இல்லை. அவள் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சாட்சி சொல்கிறது. ஆனால் பூங்குழலி? அவள் கல்வெட்டில் இல்லை. கல்கியின் மனசிலே பிறந்தவள். ஆகவே அவளுக்கு நல்லது செய்வதும் கெட்டது செய்வதும் முழுக்க முழுக்க எழுதுகிறவர் பொறுப்பு.

தூத்துக்குடி வாசகிகளுக்குப் பூங்குழலியிடம் ஒரு தனிப் பாசம் இருக்க நியாயம் உண்டு. அவள் கோடிக்கரைப் பெண்தான். கலங்கரை விளக்கக் காவலர் தியாகவிடங்கரின் மகள். ஆனால் அரண்மனையும் அந்தப்புரமும் நிறைந்த கதையிலே, கடலைக் கண்டு பயப்படாமல் தானே படகைச் செலுத்தி இலங்கைக்குப் போய் வருகிறவள் அவள். உப்புக் காற்றில் வளர்ந்த பெண்ணுக்கு அவள் அடுத்த வீட்டுக்காரி மாதிரி.

அவள் மனசு இளவரசர் அருள்மொழிவர்மரிடம் போகிறது. அவளைச் சுற்றிவருகிறவனோ தஞ்சையில் பூமாலை கட்டித் தேவாரம் பாடும் சேந்தன் அமுதன். அவன் அவளுடைய அத்தை மகன். அதாவது முறை மாப்பிள்ளை. இன்னொரு அத்தை இருக்கிறாள்: ஊமை ராணி மந்தாகினி. அவளும் ஒரு காலத்தில் ஒரு ராஜகுமாரனிடம் மனசைக் கொடுத்துவிட்டு, ஆயுள் முழுவதும் காட்டிலும் கடற்கரையிலும் அலைந்தவள். அத்தையின் கதை மருமகளுக்கும் நேருமா என்பதுதான் அந்தக் காலத்து வாசகிகளின் கவலை. கல்கி என்ன செய்தார் தெரியுமா? பூங்குழலியைச் சேந்தன் அமுதனுக்கே கட்டிவைத்தார். பிறகு அந்தப் பூக்கட்டும் பிள்ளைதான் உண்மையான மதுராந்தகர் என்று வெளிப்படுத்தி, அருள்மொழிவர்மர் கையாலேயே அவன் தலையில் கிரீடத்தை வைத்துவிட்டார். ஓடக்காரப் பெண் சோழ நாட்டு மகாராணி ஆனாள்!

1958-இல் எம்.ஜி.ஆர். இந்தக் கதையைப் படமாக்க முனைந்தார், நிறைவேறவில்லை. கடைசியில் மணிரத்னம் எடுத்து, 2022 செப்டம்பரில் முதல் பாகமும் 2023 ஏப்ரலில் இரண்டாம் பாகமும் வெளிவந்தன. ஐந்து பாக நாவலை இரண்டு படத்தில் அடக்கவேண்டுமென்றால் பலரை இறக்கிவிட்டுத்தானே ஓடத்தைத் தள்ளவேண்டும்? வந்தியத்தேவனையே நினைத்து உயிரை விட்ட மணிமேகலை படத்தில் ஏறவே இல்லை. சேந்தன் அமுதன் வருகிறான். ஆனால் மகுடம் அவனுக்கு இல்லை, மதுராந்தகருக்கே போகிறது. பூங்குழலியின் கல்யாணமும் இல்லை.

இப்போது தூத்துக்குடியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாகம் பார்த்துவிட்டு வந்து, மாடியில் காற்று வாங்கிக்கொண்டு மூன்று தலைமுறையும் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் ஒரு பொட்டலம் மக்ரூன்.

"முறைப் பையன் தங்கமாட்டம் நிக்கையில அவனுக்குக் கட்டிவைக்காம விட்டுட்டாகளே! இது என்ன படம்?" என்கிறாள் ஆச்சி.

"இல்லை அத்தை, அவளுக்குக் கிரீடம் எதுக்கு? அரண்மனைக்குள்ள போய்ட்டா அப்புறம் அவ படகை யாரு ஓட்டுவா?" என்கிறாள் மருமகள்.

"ரெண்டு பேரும் வேண்டாம்னு அவ கடலுக்கே போயிருக்கலாம்லா ஆச்சி? படத்துல அப்படித்தான விட்டிருக்காக!" என்று முடிக்கிறாள் பேத்தி.

யார் கட்சி சரி? மூன்று பேரும் பூங்குழலியைப் பற்றியா பேசினார்கள்? ஆச்சி, சொந்தத்தில் கட்டிக்கொண்டு பத்திரமாக வாழ்ந்த தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசினாள். கல்யாணத்துக்குப் பிறகு தான் எதை விட்டுவிட்டு வந்தோம் என்பதை மருமகள் சொன்னாள். பேத்தி இனி நடக்கப்போவதைச் சொல்லிவைத்தாள். "எனக்கு இது வேண்டும், இது வேண்டாம்" என்று நேராகச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். பூங்குழலியின் பேரைச் சொல்லிச் சொன்னால் மக்ரூன் தீரும் வரை சந்தோஷமாகப் பேசலாம். கதாபாத்திரங்கள் நமக்குச் செய்கிற பெரிய உபகாரம் இதுதான்.

ஆனாலும் பேத்திக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. ஒரு பெண் எல்லாவற்றையும் யோசித்து, "எனக்குக் கடலே போதும்" என்று கிளம்பினால் அது விடுதலை. படத்தில் அவள் அப்படி முடிவு செய்ததாகக் காட்டியிருந்தால் கைதட்டியிருக்கலாம். ராஜாக்களின் விவகாரம் தீருவதற்குள் நேரம் ஆகிவிட்டது. அவளைப் பற்றிய கேள்வி பதில் இல்லாமலே நின்றுவிட்டது. விடுதலை கொடுப்பது வேறு, மறந்துவிடுவது வேறு. கல்கி கொடுத்த கிரீடம் கொஞ்சம் கனமானதாக இருக்கலாம். ஆனால் அவர் அவளை மறக்கவில்லை.

கடற்கரைப் பெண்ணுக்குக் கதையில் என்ன கொடுக்கிறார்கள் என்பது நமக்கு அக்கரைச் சமாச்சாரம் அல்ல. மலையாளத்தில் தகழி 1956-இல் எழுதிய 'செம்மீன்' 1965-இல் படமாகி, ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் பெற்றது. சுந்தர ராமசாமி அந்த நாவலைத் தமிழில் தந்திருக்கிறார். கறுத்தம்மாவுக்கும் பரீக்குட்டிக்கும் கண்ணீர் விடாதவர்கள் உண்டா? கடலுக்குப் போன கணவனின் உயிர் கரையில் இருக்கிற மனைவியின் கற்பில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல் கட்டிய கதை அது. கடல் கொந்தளித்தாலும் பழி பெண் தலையில்!

நம் முத்துக் கடற்கரையில் வேறொரு பேச்சு உண்டு. முத்துக் குளிக்கிறவன் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கி அடியிலே இறங்கினால், மேலே தோணியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவன் காத்திருக்கவேண்டும். கீழிருந்து கயிறு அசைந்ததும் கண நேரம் தாமதிக்காமல் இழுக்கவேண்டும். அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பது? மச்சான் கையில்தான் கொடுப்பார்களாம். தங்கச்சி தாலி அல்லவா அந்தக் கயிற்றில் தொங்குகிறது! 1961-இல் நடந்த முத்துக்குளிப்போடு தூத்துக்குடியில் அந்தத் தொழில் நின்றுபோயிற்று. பேச்சு மட்டும் நிற்கவில்லை. செம்மீன் கதை பெண்ணின் நடத்தையில் ஆணின் உயிரை வைத்தது. நம்மவர்கள் ஒரு மனுஷனுடைய கையிலே வைத்தார்கள். எது நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நம் ஊர்க் கதையே ஒன்று படமாயிற்று. ம.பொ.சி.யின் புத்தகத்தை வைத்து பி.ஆர். பந்துலு 1961-இல் எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்'. வ.உ.சி.யாக சிவாஜி கணேசன், சுதேசிக் கப்பல், தூத்துக்குடித் துறைமுகம். சரித்திரம் மட்டும் இருந்தால் போதாது, ஒரு ஜோடியும் வேண்டும் என்று மாடசாமியாக ஜெமினி கணேசனையும் கண்ணம்மாவாக சாவித்திரியையும் சேர்த்தார்கள். ஜோடி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நிஜத்தில் அந்தக் கதைக்கு விலை கொடுத்தவள் யார்? 1908-இல் சிறைக்குப் போன வ.உ.சி. 1912 டிசம்பரில்தான் வெளியே வந்தார். அவர் செக்கிழுத்த காலத்தில் குடும்பத்தைச் சுமந்தவர் அவர் மனைவி மீனாட்சி அம்மாள். கண்ணம்மாவுக்குக் காதல் பாட்டு இருந்தது. மீனாட்சி அம்மாளின் தினசரிக் கஷ்டத்துக்கு யார் பாட்டுப் போடுவார்கள்?

வாசகர்கள் பேசுவதால் கதை மாறுமா என்று கேட்கிறீர்களா? ஜெயகாந்தன் 1966-இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' எழுதினார். மழை நாளில் ஏமாந்துபோய் வீடு திரும்பிய பெண்ணைத் தாயார் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிற கதை. அதெப்படி ஏற்கலாம் என்று ஒரே அமளி! ஜெயகாந்தன் என்ன செய்தார்? சரி, அந்தத் தாயார் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்று ஒரு நாவலே எழுதிவிட்டார். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-இல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது. 1977-இல் பீம்சிங் படமாக்கினார். கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. ஏசினவர்களின் வாயிலிருந்து ஒரு நல்ல நாவலும் ஒரு நல்ல படமும் வந்தன!

ஆகவே சகோதரிகளே, பேசுங்கள். இன்னார் நடித்தது சரியில்லை, மணியம் போட்ட மூக்கு இப்படியா இருந்தது என்று தாராளமாகச் சண்டை போடுங்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள். இந்தக் கதையில் யாருடைய கயிற்றை யாரும் பிடிக்கவில்லை? யாரைப் பாதிக் கடலில் விட்டுவிட்டார்கள்? ஜோ டி குரூஸ் நம் பரதவர் வாழ்வையும் தோணிகளையும் வைத்து எழுதிய 'கொற்கை' 2013-இல் அகாதமி விருது பெற்றது. நாளைக்கு யாராவது அதைப் படமாக்க வந்தால், முதலில் இறக்கிவிடப்படுகிறவர்கள் கரையில் காத்திருக்கும் பெண்களாக இருக்கக் கூடாது. அதற்கு இப்போதிருந்தே குரல் கொடுத்துவைப்போம்.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உங்கள் வீட்டு ஆச்சியிடம் கேட்டுப் பாருங்கள்: "உங்களுக்கு எந்தக் கதையில் எந்தப் பெண்ணைப் பிடிக்கும்? அவளுக்கு வேறு முடிவு எழுதச் சொன்னால் என்ன எழுதுவீர்கள்?" பதிலைப் பாதியில் வெட்டாமல் கேளுங்கள். அவர் சொல்லப்போவது புத்தகத்தில் இல்லாத கதையாகவும் இருக்கலாம்.