பலகையில் பெயர் எழுதியது யார்?



வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் பலகையில் மூன்று பெயர்களை எழுதி, "கை தூக்குங்கள்" என்றேன். சிறுமி ஒருத்தி எழுந்து, "சார், இந்த மூணு பேர யாரு சொன்னது?" என்று கேட்டாள். "நான்தான்" என்றேன். சொல்லும்போதே கூச்சமாக இருந்தது.

2021 நவம்பர் 20-ஆம் நாள் நம் மலாக்காவில் 28 இடங்களுக்குச் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. அலோர் காஜா வட்டாரத்துக் காடேக் தொகுதியில் ம.இ.கா.வின் சண்முகம், 2018-இல் அங்கே வென்றிருந்த ஜ.செ.க.வின் சாமிநாதனைத் தோற்கடித்தார். கொரோனா காலம், பொதுக்கூட்டத்துக்குத் தடை. வேட்பாளர் முகத்தைக் கைப்பேசியில்தான் பார்த்தோம்.

இருவரும் நம்மவர்தாம். ஆனால் அவர்களை நிறுத்தியது நாமா? கட்சித் தலைமைகள் அல்லவா? கிளைக் கூட்டத்தில் நாற்காலி அடுக்குபவரும் பெயர்ப் பட்டியலைப் பெரும்பாலும் நம்மைப்போலச் செய்தியில் கேட்டுத்தான் அறிகிறார்.

அமெரிக்காவில் மாநிலச் சட்டமன்றத்துக்கும் முதலில் ஒரு தேர்தல் உண்டு. ஒரே கட்சிக்காரர்கள் தங்களுக்குள் போட்டியிடுவார்கள்; கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே முடிவு செய்வார்கள். விஸ்கான்சின் மாநில மக்கள் 1904-இல் வாக்களித்தே இந்த முறையை ஏற்றுக்கொண்டார்கள். அங்கேயும் பணம் விளையாடும். வாக்களிக்க வருவோரும் குறைவு. இருந்தாலும் வெண்கட்டி மக்கள் கையில் இருக்கிறது.

கிளைக் கூட்டத்துக்குப் போகிறவர்களே, தேநீரும் பலகாரமும் முடிவதற்குள் கேட்டுவிடுங்கள்: "அடுத்த முறை பெயர் எழுதும் முன் எங்களைக் கேட்பீர்களா?"

மறுநாள் மூன்று பெயரையும் அழித்துவிட்டுப் பிள்ளைகளையே சொல்லச் சொன்னேன். ஏழு பெயர் வந்தது. கேள்வி கேட்டவளும் நின்றாள். நான்கு கைகள்தாம் அவளுக்கு.