மாதிரி நல்லது, மூட்டைக்கு யார் பொறுப்பு?

மாதிரியைப் பார்த்து ஓடர் கொடுத்துவிட்டு, சரக்கு வந்திறங்கியதும் கையைப் பிசைந்துகொண்டு நின்ற அனுபவம் எமது வர்த்தகர்கள் பலருக்கு உண்டு. மாதிரி பொய்யல்ல. பத்துக் கிலோவில் கிடைத்த தரம் பத்துத் தொன்னில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இதே சிக்கல் மருந்துத் தொழிலில் ஏற்பட்டால் நட்டம் நோயாளிக்கு.

லிப்போசோம் என்பது கொழுப்பினாலான நுண்ணிய உறை. பொஸ்போலிப்பிட்டு என்ற கொழுப்பு வகை நீரில் தானாகவே உறையாக மூடிக்கொள்வதை 1960களில் இங்கிலாந்தின் அலெக் பேங்ஹாம் கண்டறிந்தார். டொக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை இத்தகைய உறைக்குள் அடைத்தால் இதயத்துக்கு ஏற்படும் பாதிப்பு குறைகிறது. அவ்வாறு தயாரான 'டொக்சில்' 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உறையின் விட்டம் சுமார் 100 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் பத்தாயிரம் உறைகளை வரிசையாக வைக்கலாம்.

ஆய்வுகூடத்தில் இதைச் செய்வது பெரிய வேலையல்ல. கொழுப்பைக் கரைத்து, கண்ணாடிக் குடுவையின் சுவரில் மெல்லிய படலமாகக் காயவிட்டு, நீர் ஊற்றிக் குலுக்கினால் உறைகள் உருவாகும். ஆனால் பத்துப் பேருக்குப் புரியாணி சமைத்தவர் அதே கைப்பக்குவத்தோடு ஆயிரம் பேருக்குக் கிடாரம் ஏற்ற முடியாது. பாத்திரம் பெருத்தால் படலம் சீராகப் படியாது, உறைகளின் அளவும் ஒன்றாக வராது. எனவே தொழிற்சாலையில் வழியே மாறுகிறது. கொழுப்பை எத்தனோலில் கரைத்து, அளவான வேகத்தில் நீருடன் கலந்து, நுண்துளைச் சவ்வுகளினூடாக அழுத்தத்தில் தள்ளுகிறார்கள். கடும் வெப்பம் உறையைக் கெடுத்துவிடும் என்பதால், இறுதியில் நுண்வடிகட்டி மூலமே கிருமி நீக்குகிறார்கள். வெப்பநிலையோ கலக்கும் வேகமோ சற்றுப் பிசகினாலும் முழுத் தொகுதியும் வீணாகலாம்.

இத்தனை நுட்பமான வேலை ஒரே இடத்தில் தங்கியிருந்தால் என்னவாகும்? டொக்சிலை ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனத்துக்காக ஒப்பந்த அடிப்படையில் தயாரித்தது ஒஹாயோ மாநிலத்தின் பென் வெனியு தொழிற்சாலை. 2011இல் அங்கு உற்பத்தி தடைப்பட, நோயாளிகள் காத்திருப்புப் பட்டியலில் நின்றனர். 2012 பெப்ரவரியில், இந்தியாவின் சன் பார்மா தயாரித்த 'லிப்போடொக்ஸ்' மருந்தைத் தற்காலிகமாக இறக்குமதி செய்ய அமெரிக்க அதிகாரிகள் இணங்கினர். மறு வருடம் சன் பார்மாவின் மாற்று மருந்துக்கு முறையான அனுமதியும் கிடைத்தது. பணத்துக்கும் விஞ்ஞானிகளுக்கும் குறைவில்லாத நாடுதான். இரண்டாவது கை மட்டுமே இருக்கவில்லை.

கொவிட் காலத்தில் வேறொரு பாடம் கிடைத்தது. தடுப்பூசிக்கான கொழுப்பு நனோ துகள்களைத் தயாரித்த பைசர், இரு திரவங்களை மோதவிடும் சிறிய கலப்பானைப் பெரிதாக்கவில்லை. அதே சிறிய கலப்பான்களின் எண்ணிக்கையைப் பெருக்கியது. சரியாக வந்த அளவைக் குலைக்காமல் பெருகுவதும் வளர்ச்சிதான்.

இரண்டாவது வழங்குநரை வைத்திருப்பது செலவுதானே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் இன்னொருவரிடம் சிறு தொகைச் சரக்கெடுத்து முன்கூட்டியே பரீட்சித்து வைக்கும் செலவு, கடையை வெறுமையாக வைத்திருக்கும் செலவைவிடக் குறைவு. பெரிய ஓடருக்கு முன்னர் மாதிரியை மட்டும் பார்க்காமல், "இதே தரத்தில் அடுத்தடுத்து மூன்று தொகுதிகள் தந்திருக்கிறீர்களா?" என்றும் கேளுங்கள்.

மருந்து வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கு மேலும் ஒன்று. டொக்சில் போன்ற மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸில், உறையவிடாமல் வைத்திருக்க வேண்டும். உறைக்கு நேரும் சேதம் வெறுங்கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். தொழிற்சாலை பட்ட பாடெல்லாம் எமது குளிர்சாதனப் பெட்டியில் வீணாகிவிடக் கூடாது. நிறுவையில் மோசடி செய்யாதிருப்பது மட்டும் நேர்மையல்ல. கண்ணுக்குத் தெரியாத தரத்தைக் காப்பதும் எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.