விலைக்கு வாராத வண்டி

நம் மாணவ நண்பர்கள் கூடிப் பேசுமிடத்து, மோட்டார் வண்டிகளைப் பற்றிய பேச்சு எழாத நாள் அரிது. எவ்வண்டி எத்துணை விரைவாக ஓடும் என்பதே ஆங்கு வினா. அவ்விரைவு எவ்வாறு பிறக்கின்றது, அதனால் யாருக்குப் பயன் என்னும் வினாக்கள் எழக் காணோம். இக்குறை குறித்தே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

2008-ஆம் ஆண்டில் நம் நாட்டு டாட்டா மோட்டார்ஸ் கம்பெனியார் இங்கிலாந்து தேசத்து ஜாகுவார் கம்பெனியை விலைக்கு வாங்கினர். ஜாகுவாரின் 75-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2010-இல் பாரிஸ் மோட்டார்க் காட்சியில் 'சி-எக்ஸ்75' என்னும் மாதிரி வண்டி வைக்கப்பெற்றது. இஃது எரிபொருளும் மின்சாரமும் கூடி இயக்கும் ஹைப்ரிட் வகையினது. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மின் மோட்டார்கள். பாட்டரிக்கு மின்சாரம் ஊட்ட, நிமிடத்துக்கு 80,000 முறை சுழலவல்ல சிறு டர்பைன்கள் இரண்டு. டர்பைன் ஒன்றின் எடை 35 கிலோகிராமே. பாட்டரியால் மட்டும் 110 கிலோமீட்டரும், டர்பைன்களின் துணையால் 900 கிலோமீட்டரும் செல்லும் என்று செய்தோர் கணக்கிட்டனர். 2011-இல் 250 வண்டிகள் வரை செய்து விற்பதாக அறிவித்து, டர்பைனை நீக்கிப் பெட்ரோல் எஞ்சினை அமைத்தனர். ஆயினும் உலகப் பொருளாதார நிலையைக் காரணங்காட்டி, 2012 டிசம்பரில் அம்முயற்சியைக் கைவிட்டனர்.

"செல்வர் விளையாட்டுப் பொருளொன்று ஒழிந்தது, நமக்கென்ன?" என்பார் உளர். அக்கூற்றை நாம் உடன்படோம். வண்டி ஒழியினும் அதன் தத்துவம் ஒழியவில்லை அன்றோ?

சாதாரண வண்டியில் பிரேக்கை அழுத்துந்தோறும், எரிபொருள் செலவிட்டுப் பெற்ற விசை வெறும் வெப்பமாகி வீணாகின்றது. ஹைப்ரிட் வண்டியிலோ, சக்கரத்தைச் சுழற்றிய மோட்டாரே அப்பொழுது டைனமோவாக மாறி, அவ்விசையிற் பெரும் பங்கை மீட்டுப் பாட்டரியிற் சேர்க்கின்றது. ஆகவே, இத்தத்துவம் நில்லாது பறக்கும் பந்தய வண்டிக்குத் தரும் சிக்கனம் சிறிது. நின்று நின்று செல்லும் வண்டிக்குத் தருவதே பெரிது.

அத்தகைய வண்டியைக் காணப் பாரிஸ் செல்ல வேண்டுவதில்லை. திண்டுக்கல்லினின்று சாணார்பட்டி வழியாக நத்தம் செல்லும் பஸ்ஸே போதும். பூக்கூடையுடன் ஒருவர் ஏற நிற்கும். பள்ளிச் சிறுவர் இறங்க நிற்கும். நிற்குந்தோறும் டீசல் வீணாகின்றது. அவ்வீண் செலவு ஊரார் வரியிலோ கட்டணத்திலோ வந்து சேர்கின்றது.

இஃது வெறுங் கனவன்று. அதே டாட்டா கம்பெனியார் 2018-இல் மும்பை நகருக்கு 25 ஹைப்ரிட் பஸ்களை அளித்துள்ளனர். பாட்டரியின் விலையும் எடையும் இடர்ப்பாடுகள் என்பதை மறுக்கோம். அவற்றைத் தீர்ப்பது பௌதிகமும் இரசாயனமும் கற்பார் கடனன்றோ?

ஆதலின், நண்பர்காள், பளபளக்கும் வண்டியின் படத்தைச் சுவரில் ஒட்டுவதைக் குற்றங் கூறோம். ஊருக்குப் போகும் பஸ்ஸில் அடுத்த முறை அமருங்கால், அது எத்தனை இடங்களில் நிற்கின்றது என்று மட்டும் எண்ணி வாருங்கள். ஆராய்ச்சி அக்கணக்கினின்றே தொடங்கட்டும்.