கெய்சர் போட்டால் ‘டிரிப்’ ஆகிறதா? அது தொல்லையன்று, எச்சரிக்கை

மின்நுகர்வோர் தங்கள் இல்லங்களில் மின்கசிவிலிருந்து உயிர்காக்கும் ஆர்.சி.டி. கருவியைப் பொருத்துவதை, தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2023ஆம் ஆண்டில் கட்டாயமாக்கியது. ஆயினும், கெய்சரைப் போட்டவுடன் மின்சாரம் நின்றுவிடுகிறது என்று கூறி, சிலர் இக்கருவியின் இணைப்பையே நீக்கிவிடுகின்றனர். காய்ச்சலைக் காட்டும் வெப்பமானியை உடைப்பதற்கு ஒப்பானது இச்செயல்.

நம் பகுதியில் ஏன் கூடுதல் கவனம்?

சேலம், நாமக்கல் மாவட்டங்கள் கடினப் பாறை நிலப்பகுதிகள். குடிப்பதற்குக் காவிரி நீர் கிடைக்கும் வீடுகளிலும் குளிப்பதற்குப் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீரே பயன்படுகிறது. அந்நீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் வெப்பத்தால் கெய்சரின் காயில் மீது படிகின்றன. உப்புப்படிவம் தடிக்கும்போது காயிலின் வெப்பம் நீருக்குச் செல்லாமல் தேங்குகிறது. அதன் உலோக உறை வெடிப்புற்று, மின்சாரம் நீரில் கசிகிறது.

சாதாரண பிரேக்கர் போதாதா?

போதாது. கெய்சருக்கான 16 ஆம்பியர் எம்.சி.பி., அதாவது 16,000 மில்லி ஆம்பியர் அளவுடையது, கம்பிகளைக் காப்பதற்கானது. மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்கச் சில பத்து மில்லி ஆம்பியர்களே போதும். ஈரமான உடலில் மின்சாரம் மேலும் எளிதாகப் பாயும். வீட்டுப் பயன்பாட்டுக்குரிய ஆர்.சி.டி. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும். எர்த் இணைப்பு சரியாக இருந்தால், ஒருவர் தொடுவதற்கு முன்பே கசிவு வெளிப்பட்டுவிடும். எர்த் இல்லையெனில், அவர் உடல் வழியே மின்சாரம் பாய்ந்த பின்னரே கருவி செயல்படும். ஆகவே இரண்டும் தேவை.

பழுதின் அறிகுறிகள்

• நீர் சூடாக வழக்கத்தைவிட அதிக நேரம் ஆதல். கலனுள் படபடவென்ற ஒலி: உப்புப்படிவம்.
• குழாயைத் தொட்டால் சுருக்கென்ற உணர்வு, ஆர்.சி.டி. மீண்டும் மீண்டும் நிற்றல்: மின்கசிவு.
• நீர் ஆவியுடன் கொதித்து வருதல்: தெர்மோஸ்டாட் பழுது.

இவற்றுள் எது தோன்றினாலும் கெய்சரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தகுதியுள்ள மின்பணியாளரை அழையுங்கள். காயில், தெர்மோஸ்டாட், எர்த், பாதுகாப்பு வால்வு ஆகிய நான்கையும் சோதிக்கச் சொல்லுங்கள். தாங்களே கலனைத் திறக்க வேண்டா.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

நீரை வாளியில் நிரப்பி, கெய்சரை நிறுத்திய பின்னரே நோயாளியைக் குளிப்பாட்டுங்கள். தெர்மோஸ்டாட்டை 50 டிகிரி செல்சியசுக்கு மேல் வைக்க வேண்டா. 60 டிகிரி நீர் சில நொடிகளிலேயே தோலை வேகச் செய்யும். நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது. எனவே நீரைப் பராமரிப்பாளரே முழங்கையால் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆர்.சி.டி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். மின்சாரம் நிற்காவிடில் கருவியை மாற்றுங்கள்.

மின்சாரம் தாக்கினால்

பாதிக்கப்பட்டவரைத் தொடாமல், முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். 108ஐ அழையுங்கள். மூச்சும் அசைவும் இல்லையெனில், மார்பின் நடுவே அழுத்தி முதலுதவியைத் தொடங்குங்கள். அவர் தெளிவாக எழுந்து அமர்ந்துவிட்டாலும், இதயத் துடிப்பைப் பரிசோதிக்க அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.