குளிருக்குக் காத்திருக்கும் திராட்சை!

குச்சி ஐஸை உறிஞ்சினால் கலரும் இனிப்பும் முதலில் வந்துவிடும். கையில் வெறும் வெள்ளை ஐஸ்தான் மிஞ்சும். தண்ணீர் மட்டும் கட்டியாக உறைந்து, இனிப்புச் சாறு அதன் இடுக்குகளில் தங்கியிருப்பதுதான் காரணம். இந்தச் சின்ன சங்கதியை வைத்து ஜெர்மனியில் ஓர் ஒயினே செய்கிறார்கள். பெயர், ஐஸ்வைன்.

ஒயின் விளையும் ஒவ்வொரு மண்ணுக்கும் ஓர் அடையாளம் உண்டு. பிரான்ஸின் ஷாம்பெய்ன் பகுதிக்கு நுரை. போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்குக்கு, பிராந்தி சேர்த்த 'போர்ட்'. ஜெர்மனியின் ரைன், மோசல் நதிக்கரைகளுக்கு ரீஸ்லிங் திராட்சை. அங்கே குளிரையே மூலதனமாக்கியதுதான் ஐஸ்வைன்.

கதை தொடங்கியது 1830-ல், பிங்கன் நகருக்குப் பக்கத்தில் உள்ள டிரோமர்ஷைம் கிராமத்தில். முந்தைய ஆண்டு விளைச்சல் படுமோசம். பழங்களைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டுவிட்டார்கள். பிப்ரவரியில், 'மாட்டுத் தீவனத்துக்காவது ஆகுமே' என்று போய்ப் பார்த்தால், உறைந்த பழங்களின் சாற்றில் அத்தனை தித்திப்பு!

இன்றும் அதே முறைதான். மற்ற பழங்களைப் பறித்த பிறகும் கொஞ்சத்தைக் கொடியில் விட்டு, மைனஸ் 7 டிகிரி குளிர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பறவை கொத்தலாம், காட்டுப்பன்றி மேயலாம், அழுகியும் போகலாம். குளிர் வந்துவிட்டால் நள்ளிரவானாலும் ஆட்களை எழுப்பிப் பறித்து, உருகுவதற்குள் பிழிந்தாக வேண்டும். கல்லாக இறுகிய பழத்திலிருந்து கிடைப்பது கொஞ்சம் சாறுதான். அதனால்தான் பாட்டில் சின்னது, விலை பெரியது.

'ஃப்ரீசரில் வைத்து உறைய வைக்கலாமே?' என்று கேட்கிறீர்களா? வைக்கலாம். ஆனால் அதை ஐஸ்வைன் என்று விற்கச் சட்டம் விடாது.

சிக்கல் அங்கேதான். 2019-ம் ஆண்டு விளைச்சலில் நாடு முழுக்க எங்குமே ஐஸ்வைன் அறுவடை நடக்கவில்லை, இப்படி ஆவது இதுவே முதல்முறை என்று ஜெர்மன் ஒயின் இன்ஸ்டிட்யூட் 2020-ல் அறிவித்தது. குளிர்காலத்தில் போதுமான குளிர் இல்லை!

மழைக்காக வானம் பார்க்கும் விவசாயியை நமக்குத் தெரியும். இவர்கள் உறைபனிக்காக வானம் பார்க்கிறவர்கள். இப்போதே பறித்தால் சாதாரண ஒயினுக்கான காசு நிச்சயம்; விட்டுவைத்தால் பொக்கிஷம் அல்லது பூஜ்ஜியம். குளிர்காலம் சூடாக ஆக, விட்டுவைக்கத் துணிகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.