உறுப்புக்கு எல்லை இல்லை, மாத்திரைக்கு ஏன்?

கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் 1990இல் தோன்றியது. அங்கே எழுந்த மாடிகளுக்குக் கல்லும் சிமெண்டும் சுமந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த நம் குடும்பங்களும் உண்டு. சுமந்தவர் நோயில் விழுந்தால் அவரைத் தாங்குவது யார்? மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் ஒரு தொழிலாளியின் நிலையிலிருந்து இதைப் பார்ப்போம்.

அறுவை முடிந்து வீடு திரும்பினால் கவலை தீர்ந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அன்றுதான் புதிய கடமை தொடங்குகிறது. வந்த உறுப்பை உடல் அந்நியமாகவே கருதும். அதை உடல் தாக்காதிருக்க, டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளைக் காலையும் இரவும் குறித்த நேரத்தில், ஒரு நாளும் தவறாமல் விழுங்க வேண்டும். அவையே நோய் எதிர்ப்புச் சக்தியையும் குறைக்கும். எனவே கொதித்தாறிய நீர், நன்கு வெந்த உணவு, தூசியும் நெரிசலும் இல்லாத இருப்பிடம், முறையான இரத்தப் பரிசோதனை எல்லாம் வேண்டும். பலர் நெருங்கிப் படுக்கும் வாடகை அறையில், அன்றாடக் கூலியில் இவை எளிதா? வேலையில்லாத வாரத்தில் மாத்திரை நின்றால், பெற்ற உறுப்பே பாழாகும்.

2015இல் திருவனந்தபுரத்தில் மூளைச்சாவடைந்த ஒரு வழக்கறிஞரின் இதயம் கடற்படை விமானத்தில் கொச்சிக்குப் பறந்து, ஓர் ஆட்டோ ஓட்டுநரின் நெஞ்சில் துடித்தது. அந்த இதயம் சாதியும் கேட்கவில்லை, கூலியும் கேட்கவில்லை. 2023இல் மத்திய அரசும், உறுப்புக்குப் பதிவு செய்ய அந்த மாநிலத்தில் குடியிருப்புச் சான்று கேட்கக் கூடாது என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. நல்லது. ஆனால் மாநிலக் காப்பீடுகள் இன்னும் குடும்ப அட்டையைப் பார்த்தே கதவைத் திறக்கின்றன. பதிவேட்டில் இடம் உண்டு, மருந்துக்கு வழியில்லை என்றால் அது என்ன நீதி?

ஆகவே நாம் கேட்பது இதுதான்: மாற்று உறுப்போடு வாழும் தொழிலாளி எந்த மாநில அட்டை வைத்திருந்தாலும், அவர் உழைக்கும் ஊரின் அரசு மருத்துவமனையில் மாத்திரையும் பரிசோதனையும் தடையின்றி, இலவசமாகக் கிடைக்க வேண்டும். இரு மாநில அரசுகளும் கணக்கைத் தமக்குள் தீர்த்துக்கொள்ளட்டும்.

நமக்கும் கடமை உண்டு. கடன் நெருக்கும்போது தரகன் வருவான். 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிப்பாளையத்தில் விசைத்தறித் தொழிலாளரின் வறுமை சிறுநீரக வியாபாரமானதை நாடே பார்த்தது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தரகனை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள், சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

விற்பனை வேறு, தானம் வேறு. 2008இல் சாலை விபத்தில் மூளைச்சாவடைந்த இதேந்திரனின் உறுப்புகளை அவன் பெற்றோர் ஈந்தபோது தமிழகமே தலைவணங்கியது. நம் விருப்பத்தை எழுதி வைப்பதோடு நில்லாமல், வீட்டாரிடம் இன்றே சொல்லி வைப்போம். அந்த வேளையில் மருத்துவர்கள் சம்மதம் கேட்பது அவர்களிடம்தான்.

உழைப்பவர் உயிருக்கு மாநில எல்லை குறுக்கே நிற்கக் கூடாது!