கடற்காற்றும் கணக்கேடும்

தருமபுரி மாவட்டத்திற்குக் கடல் இல்லை. மலையும் காடும், காவிரி குதித்து இறங்கும் ஒகேனக்கல்லும் உண்டு. இம்மண்ணிலிருந்து கொண்டு கடற்கரை ஊரொன்றின் காற்றைப் பற்றி நாம் எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஆயினும் தருமபுரியை அடுத்து அரசு சிப்காட் தொழிற்பூங்கா அமைத்துவரும் இந்நாளில், அத்தகைய தொழில் வளாகத்தோடு பல்லாண்டு வாழ்ந்த தூத்துக்குடியை நாம் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் தகும் எனக் கருதுகின்றோம்.

கடற்கரை ஊரில் காற்று மாசடையாது, கடல் அதனை அன்றாடம் கழுவி விடும் என்பது நம்மில் கற்றோரும் கொண்டிருக்கும் நம்பிக்கை. இந்நம்பிக்கைக்கு முதல் அடி 2019-ஆம் ஆண்டில் விழுந்தது. நடுவண் அரசு அவ்வாண்டு சனவரியில் தேசியத் தூய காற்றுத் திட்டத்தைத் தொடங்கிக் காற்றின் தரம் குறைந்த 102 நகரங்களின் பட்டியலை வெளியிட்டது. அம்முதற் பட்டியலில் தமிழகத்திலிருந்து இடம்பெற்ற ஊர் மாநகராம் சென்னையன்று. முத்துக்குப் பெயர்பெற்ற தூத்துக்குடியே.

இஃது எவ்வாறு நேர்ந்தது? கடற்காற்றின் இயல்பை அறிந்தால் விடை கிட்டும். பகலில் நிலம் விரைந்து சூடேறுகிறது; கடல் மெல்லச் சூடேறுகிறது. எனவே முற்பகல் கழிந்த பின் கடலிலிருந்து நிலம் நோக்கிக் காற்று வீசும். இரவில் நிலம் விரைந்து குளிர்வதால் காற்றின் திசை மாறும். அதாவது, இரவில் கடல்மேற் சென்ற புகையின் ஒரு பகுதி மறுநாட் பகலில் ஊருக்கே திரும்பி வருதல் கூடும். இரண்டிற்கும் இடையே, விடியற்காலையில், காற்று அசைவின்றி நிற்கும் நேரம் ஒன்றுண்டு. அந்நேரத்தில் புகை தரையோடு தரையாகத் தங்கிவிடுகிறது.

உயர்ந்த புகைபோக்கி கட்டினால் போதும் என்பாரும் உளர். சமவெளியில் அது பெரும்பாலும் பயன்தரும். கடற்கரையிலோ கதை வேறு. கடல்மீது வந்த குளிர்ந்த காற்றில் புகை கலையாமல் மேலேயே மிதந்து செல்லும். ஆனால் நிலத்திற்குள் சில கிலோமீட்டர் சென்றதும், வெயிலாற் சூடேறிக் கொதிநீர்போல் மேலுங்கீழும் புரளும் காற்றோடு அது கலக்கிறது. அங்கே புகை முழுவதும் கீழிறங்கும். ஆலையின் வாயிலில் நிற்பவன் தூய காற்றைப் பெற, ஆலையைக் கண்ணாற் காணாத சிற்றூரான் இருமுவான்.

தூத்துக்குடியின் அமைப்போ இரு பக்கமும் இடர் தருவது. கிழக்கே கடலோரத்தில் துறைமுகம், நிலக்கரி, 1979-இல் முதல் அலகு இயங்கத் தொடங்கி 1,050 மெகாவாட் அளவிற்கு வளர்ந்த அனல்மின் நிலையம். மேற்கே சிப்காட் வளாகம். தமிழ் இலக்கியம் தென்றல், வாடை, கொண்டல், கோடை என நாற்றிசைக் காற்றுக்கும் பெயர் சூட்டியது. அக்கடற்கரை மீனவர் வழக்கிலோ சோழகம், கச்சான் முதலிய பெயர்களும் வாழ்கின்றன. தென்மேற்குப் பருவத்தில், மலைத்தொடரின் கணவாய்கள் வழியே பாய்ந்து வரும் மேல்காற்று மழையைத் தருவதில்லை. வறட்சியையும் புழுதியையுமே தரும். உப்பு விளைய அஃது உதவும். ஊர் மக்களின் மூச்சுக்கு உதவாது. மேல்காற்று வீசினால் மேற்றிசை ஆலைகளின் புகை, கடற்காற்று வீசினால் கீழ்த்திசைப் புகை என ஊர் நடுவே நிற்கின்றது. (மழையும் அங்கு அளவறிந்து பெய்வதில்லை. 2023 திசம்பரில் அம்மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறந்திருக்க மாட்டோம்.)

அவ்வூரின் தாமிர உருக்காலை வரலாறு யாவரும் அறிந்ததே. 1990-களின் இடைப்பகுதியில் இயங்கத் தொடங்கிய ஆலையை மூடுமாறு 2010-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2013 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கியதோடு, சூழலை மாசுபடுத்தியமைக்காக 100 கோடி ரூபாய் செலுத்துமாறும் ஆலைக்குக் கட்டளையிட்டது. அதற்குச் சில நாட்களே முன்னர், மார்ச் 23 காலையில், கண்ணெரிச்சலும் தொண்டைக் கரகரப்பும் கண்டதாக ஊர்மக்கள் முறையிட்டிருந்தனர். 2018 மே 22-ஆம் நாள் தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அம்மாத இறுதியில் அரசு ஆலையை மூடியது. 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் ஆலைத் தரப்பின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இவ்வழக்கின் நியாயங்களை மீண்டும் ஆராய்வது நம் நோக்கமன்று. நம்மை வருத்துவது வேறொன்று. கண்ணெரிந்த தாய்மார்களிடம் எண் இல்லை. எண் வைத்திருந்தோர்க்குக் கண் எரியவில்லை.

எண்ணும் எவ்வாறு நம்மை ஏமாற்றும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவோம். நம் நாட்டில் 2009-இல் வகுக்கப்பட்ட வரம்பின்படி, கந்தக டை ஆக்சைடு ஒரு கனமீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 80 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். ஒரு மணி நேரத்திற்கெனத் தனி வரம்பு அதில் இல்லை. ஒருநாள் விடியலில் ஒரு மணி நேரம் மட்டும் 600 மைக்ரோகிராம் பரவியது எனக் கொள்வோம். எஞ்சிய 23 மணி நேரமும் 20 மட்டுமே. சராசரி 44! ஏட்டில் அந்நாள் நன்னாள். ஈளை நோயுற்ற முதியவர்க்கு அந்த ஒரு மணி நேரம் எத்தகையது என்பதை எந்த ஏடும் கூறாது. உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் அந்த 24 மணி நேர அளவை 40 என வகுத்துள்ளது. நாமோ இன்னும் 80-இலேயே நிற்கின்றோம்.

கடலுப்பின் துகளும் கருவியில் தூசியாகவே பதிவாகும், ஆகவே கடற்கரை ஊர்களின் அளவு சற்று மிகுந்தே தோன்றும் என்பர். உண்மையே. அதனைக் கேடயமாக்கி நிலக்கரித் தூசியையும் உப்பின் கணக்கிலேயே எழுதிவிடுவது முறையன்று. துகளைப் பகுத்தாய்ந்து எது உப்பு, எது கரி எனக் காணும் வழி அறிவியலுக்குத் தெரியும்.

நம் மாவட்டத்திற்கு வருவோம். நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்து, பல்லிற் கறையும் எலும்பில் வளைவும் கண்ட ஊர்கள் நம்மிடையே பல. அந்நஞ்சுக்குச் சுவையில்லை, நிறமில்லை. தலைமுறைகள் அதனை நீரென்றே பருகின. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் எல்லையை நீர் கடந்துள்ளது என அளந்து கண்ட பின்னரே பேச்சு செயலாயிற்று. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நீரில் நாம் காலந்தாழ்ந்து அளந்தோம்.

காற்றில் அவ்வாறு நேரலாகாது. தொழிற்பூங்காவை நாம் எதிர்க்கவில்லை. பட்டம் பெற்ற நம் மாணவர் ஓசூருக்கும் பெங்களூருக்கும் பேருந்தேறும் காட்சியை நாள்தோறும் காண்போர் எதிர்க்கவும் மாட்டார்கள். ஆனால் முதல் புகைபோக்கி எழுமுன், இன்றைய காற்றின் அளவு பதிவாக வேண்டும். ஆலைகளின் வாயிலில் மட்டுமன்றி, காற்று செல்லும் திசையிலுள்ள சிற்றூர்ப் பள்ளிகளிலும் கருவிகள் அமைய வேண்டும். மணிக்கு மணி எடுத்த அளவு, காற்றின் திசையோடு சேர்த்து, ஊராட்சிப் பலகையில் தமிழில் எழுதப்பட வேண்டும். நம் சமுதாயப் பெரியோர் மாவட்ட ஆட்சியரிடம் வைக்கும் வேண்டுகைகளுள் இதுவும் ஒன்றாகட்டும்.

அரசின் கருவி வரும்வரை மாணவர் காத்திருக்க வேண்டுவதில்லை. கல்லூரி மாடியில் ஒரு காற்றுத் திசைகாட்டியும், அருகே ஒரு குறிப்பேடும் போதும். நாள், மணி, திசை, புகை, நாற்றம் என ஐந்து பத்திகள். இயற்பியல் துறையார் கருவியைப் பொருத்தித் தரட்டும். காலை ஆறு மணிக் குறிப்பை விடுதி மாணவரைக் கொண்டு எழுதுவிக்கும் பொறுப்பைத் தமிழ்த்துறை ஏற்கும்.